முரண்நகையில் பொய் இல்லை

ஒன்றைச் சொல்லி அதற்கு நேர்மாறானதைப் புரியவைப்பது. முரண்நகைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து நாம் கொண்டுவரும் விளக்கம் இதுதான். வஞ்சப்புகழ்ச்சி அணிக்குத் தேர்வில் எழுதும் ‘புகழ்வது போல இகழ்தல், இகழ்வது போலப் புகழ்தல்’ என்ற வரியும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. மதிப்பெண் வாங்க இது போதும். ஒரு கவிதையை ஒழுங்காக வாசிக்கப் போதாது. எழுதுவதற்குச் சுத்தமாகப் போதாது. இதை மட்டும் நம்பிப் பாட்டுக்குள் போகிறவர் நல்ல முரண்நகையைப் பார்க்காமலே கடந்துவிடுவார், வெறும் நக்கலைப் பெரிய கலை என்று எண்ணிக்கொள்வார்.

சிறந்த முரண்நகையில் மேலே தெரியும் சொல் பொய்யாக இருப்பதே இல்லை என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் நிறுவப் பார்ப்பது. சொல் உண்மை. அதன் பக்கத்தில் இன்னோர் உண்மை வைக்கப்படுகிறது, அல்லது கேட்பவரின் மனத்தில் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும்போது பிறப்பதுதான் அந்தக் குத்தல். தமிழில் இதைக் கற்றுக்கொள்ளப் புறநானூற்றின் 95ஆம் பாட்டைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. ஒன்பதே அடிகள்.

இவ்வே, பீலி அணிந்து மாலை சூட்டிக்
கண்திரள் நோன்காழ் திருத்தி நெய்யணிந்து
கடியுடை வியன்நக ரவ்வே, அவ்வே,
பகைவர்க் குத்திக் கோடுநுதி சிதைந்து
கொல்துறைக் குற்றில மாதோ, என்றும்
உண்டாயின் பதம்கொடுத்து
இல்லாயின் உடன்உண்ணும்
இல்லோர் ஒக்கல் தலைவன்
அண்ணல்எம் கோமான் வைந்நுதி வேலே.

பாட்டின் அடியில் உள்ள பழைய குறிப்பு சூழலைச் சொல்கிறது. அதியமான் நெடுமான் அஞ்சி ஔவையாரைத் தொண்டைமான் என்ற இன்னோர் அரசனிடம் தூது அனுப்புகிறான். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டுகிறான். அதைப் பார்த்து அவர் பாடியது இது. பொருளும் எளிது: இங்கே இருக்கும் இவை மயிற்பீலி அணிந்து, மாலை சூட்டப்பட்டு, வலிய காம்பு திருத்தப்பட்டு, நெய் பூசப்பட்டுக் காவலுடைய அகன்ற அரண்மனையில் இருக்கின்றன. அவையோ பகைவரைக் குத்திப் பக்கமும் நுனியும் சிதைந்து கொல்லன் பட்டறையின் சிறு கொட்டிலில் கிடக்கின்றன. யாருடைய வேல்கள்? இருந்தால் பிறருக்குச் சோறு கொடுத்து, இல்லாதபோது இருப்பதைக் கூடி உண்கிற, வறியோர் சுற்றத்துக்குத் தலைவனான எங்கள் கோமானின் வேல்கள்.

இப்போது பள்ளிக்கூட விளக்கத்தை இதன்மேல் வைத்துப் பாருங்கள். சொன்னதை அப்படியே புரட்டிப் போட்டால் என்ன கிடைக்கிறது? ‘இந்த வேல்களுக்குப் பீலி இல்லை, மாலை இல்லை, நெய் இல்லை.’ பொருளே இல்லாத வாக்கியம். ஔவையார் சொன்ன ஒவ்வொன்றும் உள்ளபடி உண்மை. பீலி இருக்கிறது, மாலை இருக்கிறது, நெய்யின் பளபளப்பும் இருக்கிறது. கோபம் வந்து தொண்டைமான் அவரைக் கேள்வி கேட்க நினைத்தால் எந்தச் சொல்லைக் காட்டிக் கேட்பான்? குற்றம் சாட்ட ஒரு சொல்கூட அந்தப் பாட்டில் இல்லை. தூது வந்தவர் இருக்கும் இடம் அப்படி. பொய்யாகப் புகழ்ந்தால் தன் அரசனுக்கு இழுக்கு, நேராகப் பழித்தால் வந்த காரியம் கெடும். இரண்டுக்கும் நடுவே திறந்திருந்த ஒரே வழியில் அவர் நடக்கிறார்.

எப்படி நடக்கிறார் என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். முதல் பகுதியில் நான்கு வினைகள்: அணிந்து, சூட்டி, திருத்தி, மறுபடி அணிந்து. நான்கும் ஒப்பனை வினைகள், மணவறைக்குப் பெண்ணை அலங்கரிப்பதற்கும் பொருந்துபவை. ஒரு கருவி தானாகச் செய்யும் வேலை அதில் ஒன்றுமில்லை. எல்லாம் அதற்குப் பிறர் செய்துவிட்டவை. இரண்டாம் பகுதியில் இரண்டே வினைகள்: குத்தி, சிதைந்து. இடங்களும் அப்படியே எதிரெதிர் நிற்கின்றன. முதல் பகுதியில் வியன்நகர், இரண்டாம் பகுதியில் குற்றில்; அகன்ற மாளிகைக்குப் பக்கத்தில் சின்னக் கொட்டில். பெரிய இடத்தில் வேலையில்லாத வேல், சிறிய இடத்தில் வேலை முடித்து வந்த வேல்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதியமான் வேல்களின் நுனி சிதைந்துவிட்டது என்று நான்காம் அடி சொல்கிறது. கடைசி அடியோ அவற்றை ‘வைந்நுதி வேல்’, அதாவது கூரிய நுனியுடைய வேல் என்று அழைக்கிறது. சிதைந்த நுனி எப்படிக் கூர்நுனி ஆகும்? பட்டறையில் அடித்துத் தீட்டினால் ஆகும் என்று விடை சொல்லலாம். ஆனால் பாட்டு அந்த விடைக்குக் காத்திருப்பதில்லை. ஒடிந்து கிடப்பதைக் கூரானது என்று அழைத்து, எது உண்மையில் கூர் என்ற கேள்வியைத் தொண்டைமானின் கொட்டிலுக்குள்ளேயே விட்டுவிட்டு முடிகிறது.

இந்தக் கருவிக்குத் தமிழில் பழைய இலக்கணம் உண்டு. தொல்காப்பியச் செய்யுளியல் அங்கதத்தைச் செம்பொருள், கரந்தது என்று இரண்டாகப் பிரிக்கிறது. நேராகத் திட்டுவது செம்பொருள் அங்கதம், மறைத்துச் சொல்வது கரந்தது, அதாவது பழிகரப்பு. தண்டியலங்காரம், உள்ளக் குறிப்பை வேறொன்றால் மறைத்துச் சொல்லும் இலேச அணியைச் சொல்லுமிடத்தில், புகழ்வது போலப் பழிப்பதையும் பழிப்பது போலப் புகழ்வதையும் அதனோடு சேர்ப்பவர் உண்டு என்கிறது. வகைப்பாடு இதற்குமேல் நமக்கு வேண்டாம். ‘கரந்தது’ என்ற சொல்லை மட்டும் கையில் வைத்துக்கொள்வோம், பின்னால் பயன்படும்.

திருக்குறளில் கயமை அதிகாரம் இந்த நுட்பத்தின் இன்னும் சிக்கனமான வடிவம்.

தேவர் அனையர் கயவர் அவருந்தாம்
மேவன செய்தொழுக லான்.

கயவர் தேவரைப் போன்றவர்கள். அவர்களும் தாங்கள் விரும்பியதைச் செய்து நடக்கிறார்கள். பரிமேலழகர் இதைப் புகழ்வார் போலப் பழித்தது என்றே அடையாளம் காட்டுகிறார். ஆனால் இங்கும் பொய் எங்கே? தேவரை ஏவுவார் இல்லை, கயவரை அடக்குவார் இல்லை. ஒப்புமை நூற்றுக்கு நூறு பொருந்துகிறது. பொருந்துவதால்தான் சுடுகிறது. ‘கயவர் தேவர் அனையர் அல்லர்’ என்று புரட்டிப் போட்டால் யாருக்கும் தெரிந்த சப்பென்ற ஒரு நீதி வாக்கியம்தான் மிஞ்சும்.

இதில் வரிசை முக்கியம். முதலில் புகழ், கடைசியில் காரணம். ‘ஒழுகலான்’ என்ற கடைசிச் சொல்லில்தான் கதவு திறக்கிறது. காரணத்தை முன்னே வைத்து, ‘மனம்போல நடப்பதால் கயவர் தேவரைப் போன்றவர்’ என்று எழுதியிருந்தால் வாசகர் பாதியிலேயே முடிவைக் கண்டுகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். இதற்கு முந்தைய குறளும் இதே அச்சில்தான் வார்க்கப்பட்டிருக்கிறது: நன்மை அறிந்தவரைவிடக் கயவர் பேறுடையவர், ஏனென்றால் அவர்கள் நெஞ்சில் கவலை இல்லை. பரிமேலழகரின் வைப்புமுறையில் அதிகாரம் இப்படிக் கரந்த பழிப்போடு தொடங்கிப் போகப்போக நேர்ப் பழிப்புக்கு மாறுகிறது. கரும்பைப் போல நசுக்கினால்தான் கீழ்மக்கள் பயன்படுவார்கள் என்று 1078ஆம் குறள் சொல்லும்போது அங்கே மறைப்பதற்கு எதுவும் மீதமில்லை. பத்துக் குறளிலும் ஒரே குரலில் முரண்நகையை இழுத்திருந்தால் ஐந்தாவதிலேயே சலித்திருக்கும். இந்த அளவறிவு எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் வேண்டும்.

புகழ், பழி என்ற இரண்டு பெட்டிகளுக்குள்ளும் அடங்காத முரண்நகையும் உண்டு. சுந்தரர் கண் பார்வை இழந்த நிலையில் திருவாரூர் இறைவனிடம் முறையிடும் பதிகம் அதற்குச் சாட்சி.

மீளா அடிமை உமக்கே ஆளாய்ப் பிறரை வேண்டாதே
மூளாத் தீப்போல் உள்ளே கனன்று முகத்தால் மிகவாடி
ஆளாய் இருக்கும் அடியார் தங்கள் அல்லல் சொன்னக்கால்
வாளாங் கிருப்பீர் திருவா ரூரீர் வாழ்ந்து போதீரே.

உமக்கே அடிமையாகி, வேறு யாரையும் நாடாமல், உள்ளுக்குள் கனன்று வாடுகிற அடியார் தம் துன்பத்தைச் சொன்னால் நீர் சும்மா இருப்பீர். சரி, வாழ்ந்து போங்கள். ‘வாழ்ந்து போதீரே’ வடிவத்தில் வாழ்த்து. அதைப் புரட்டினால் ‘நாசமாய்ப் போங்கள்’ என்று வரும். சுந்தரர் அதைச் சொல்லவில்லை, நினைக்கவும் இல்லை. இறைவன் வாழ வேண்டும் என்பதும் அவருக்கு உண்மை, தன்னை இப்படி விட்டுவிட்டாரே என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே சொல்லில் தாங்க வேறு வழியில்லாதபோது வாழ்த்து இப்படிக் கனக்கிறது. கைவிட்டுப் போன உறவினரிடம் நம் வீடுகளில் ‘நல்லா இருங்கப்பா’ என்று சொல்லும்போது வருவதும் இதே கனம்தான்.

அந்த ‘நல்லா இருங்கப்பா’வை வைத்தே எழுத்தின் பெரிய சிக்கலைச் சொல்லிவிடலாம். பேச்சில் முரண்நகையைத் தாங்குவது குரல். இழுப்பு, இடைவெளி, கண், உதட்டோரம் எல்லாம் சேர்ந்து உதவுகின்றன. காகிதத்தில் இவை எதுவும் கிடையாது. குரல் செய்த வேலையை அங்கே அடுக்குமுறை செய்ய வேண்டும்: எதற்குப் பக்கத்தில் எதை வைக்கிறோம், எதைக் கடைசிக்கு ஒத்திப்போடுகிறோம், எதைச் சொல்லாமல் விடுகிறோம். புதிதாக எழுத வருகிறவர்கள் இழந்த குரலுக்கு ஈடாக ஆச்சரியக்குறியையும் மேற்கோள்குறியையும் ‘ஆஹா’வையும் ‘அடேங்கப்பா’வையும் கொண்டுவருகிறார்கள். அங்கேதான் முரண்நகை நக்கலாகச் சரிகிறது. ‘இவ்வே, ஆஹா, எவ்வளவு அழகான வேல்கள்!’ என்று ஔவையார் தொடங்கியிருந்தால் தொண்டைமானுக்கு அடுத்த அடி தேவைப்பட்டிருக்காது.

இதுவரை பார்த்தவை, பேசுகிறவர் தெரிந்தே செய்பவை. பேசுகிறவருக்கே தெரியாமல் நிகழும் முரண்நகை வேறு. பாத்திரத்துக்குத் தெரியாதது வாசகருக்குத் தெரியும். நாடக முரண்நகை என்று பாடநூல்கள் சொல்வது இதைத்தான். சிலப்பதிகாரம் முழுக்க இதன்மேல் நிற்கிறது. காப்பியத்தின் முன்னுரையான பதிகத்திலேயே கதை சொல்லப்பட்டுவிடுவதால் கோவலன் மதுரைக்குள் எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியையும் முடிவு தெரிந்த கண்ணோடு பார்க்கிறோம்.

கொலைக்களக் காதையில் கோவலன் சிலம்பை விற்கப் புறப்படுகிறான். எதிரே திமில் உள்ள காளை பாய்ந்து வருகிறது. அது தீநிமித்தம் என்று அவன் அறியவில்லை, அதை அறிவது அவன் குலத்துக்கு உரியதன்று என்கிறார் இளங்கோ. ஆயர் பாடியில் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். வணிகர் குலத்தில் பிறந்தவனுக்கு அந்த அறிவு இல்லை. பிறகு கடைவீதியில் நூறு கொல்லர் பின்தொடர, அரச மரியாதை பெற்ற பொற்கொல்லன் எதிர்ப்படுகிறான். இவன்தான் சரியான ஆள் என்று நம்பி, கோவலன் கேட்கிறான்:

காவலன் தேவிக்கு ஆவதோர் காற்கணி
நீவிலை இடுதற்கு ஆதி யோ

அரசியின் காலுக்குத் தகுந்த ஓர் அணி. விலை மதிக்க உன்னால் முடியுமா? ஒரு வணிகன் தன் சரக்கை உயர்த்திச் சொல்லும் மிகச் சாதாரணமான பேச்சு. அரசியின் சிலம்பைத் திருடி வைத்திருக்கும் ஒருவனிடம் அதைச் சொல்கிறான் என்பது மட்டும் அவனுக்குத் தெரியாது. வணங்கி விடை சொல்லும் கொல்லனை இளங்கோ ‘கூற்றத் தூதன்’ என்கிறார். சிலம்பைக் கூர்ந்து பார்த்துவிட்டுக் கொல்லன் சொல்வது என்ன? கோப்பெருந்தேவிக்கு அல்லாமல் வேறு யாருக்கும் இச்சிலம்பு பொருந்தாது. கோவலன் வாயிலிருந்து வந்த அதே சொல், பாராட்டின் உருவத்தில் திரும்பி வருகிறது. ‘அரசிக்கு ஆவது’ என்பதற்கும் ‘அரசிக்கே உரியது’ என்பதற்கும் இடையில் இருக்கும் மெல்லிய வெளியில் ஒரு கொலை நடந்து முடிகிறது. கோவலன் சொன்னதும் பொய்யில்லை, கொல்லன் சொன்ன வாக்கியமும் தனியாகப் பார்த்தால் வெறும் புகழ்மொழிதான்.

வழக்குரை காதையில் இந்த முடிச்சு அவிழும் விதம் இன்னும் கடுமையானது. ‘கள்வனைக் கோறல் கடுங்கோல் அன்று’ என்கிறான் பாண்டியன். திருடனைக் கொல்வது கொடுங்கோன்மை ஆகாது என்பது அவன் நாட்டுச் சட்டம், அவன் மனமறிந்த உண்மை. சிலம்பு உடைகிறது. உள்ளிருந்த மாணிக்கப்பரல் தெறித்து மன்னனின் வாயில் படுகிறது. மார்பில் பட்டிருக்கலாம், முடியில் பட்டிருக்கலாம். தீர்ப்புச் சொன்ன வாயில்தான் படுகிறது. உடனே ‘யானோ அரசன், யானே கள்வன்’ என்று சொல்லி உயிர்விடுகிறான். தான் அறிவித்த சட்டத்தைத் தன்மேலேயே நிறைவேற்றிக்கொள்கிறான். முதலில் சொன்ன வாக்கியம் இறுதிவரை உண்மையாகவே இருக்கிறது; ‘கள்வன்’ என்ற சொல் சுட்டும் ஆள் மட்டும் மாறிவிட்டான்.

ஆங்கிலக் கவிஞர் ஷெல்லியின் ‘ஓசிமாண்டியாஸ்’ (1818) இதே வேலையைப் பதினான்கு வரிகளில் செய்கிறது. வலியோரே, என் படைப்புகளைப் பார்த்து நம்பிக்கை இழந்துவிடுங்கள் என்று பீடத்தில் ஒரு மன்னனின் கல்வெட்டு. சுற்றிலும் மணல். கல்வெட்டில் ஓர் எழுத்தும் மாறவில்லை, சுற்றியிருந்த நகரம்தான் போய்விட்டது. இன்றும் வலியோர் அதைப் பார்த்து நம்பிக்கை இழக்கலாம், வேறொரு காரணத்துக்காக.

இனி, எங்கே பிசகுகிறது என்று பார்ப்போம். முரண்நகை தோற்பதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, அதிகம் காட்டிக்கொடுப்பது. அதை மேலே சொல்லியாயிற்று. மற்றது, போதிய அளவு காட்டாமல் விடுவது. இதற்கு ஆங்கில எழுத்தாளர் டானியல் டிஃபோவின் அனுபவத்தைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. இங்கிலாந்துத் திருச்சபைக்கு வெளியே நின்ற கிறிஸ்தவர்களை ஒடுக்க வேண்டும் என்று கொதித்த தீவிரவாதிகளைத் தோலுரிக்க, அவர்களுடைய குரலிலேயே 1702இல் பெயர் போடாமல் ஒரு சிறுநூல் வெளியிட்டார். டிஃபோவே திருச்சபைக்கு வெளியே நின்றவர். அந்தக் குரல் அசலோடு அவ்வளவு ஒத்திருந்ததால் எதிர்த்தரப்பில் சிலர் அதை மெய்யென்று எடுத்து வரவேற்றார்கள், அவருடைய சொந்தத் தரப்பு அஞ்சியது. எழுதியவர் யார் என்று தெரிந்ததும் இரு தரப்புக்கும் கோபம். வழக்கு, தண்டனை, 1703 ஜூலையில் மூன்று நாள் பொதுவிடத்தில் தண்டனைக் கட்டையில் நிறுத்தப்பட்டார். அந்த நூலில் குறை எங்கே? எதிராளியின் குரலைத் தாண்டி வாசகர் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பும் அதில் போதுமான அளவு நீட்டப்படவில்லை. ஆசிரியர் பெயராவது இருந்திருந்தால் அதுவே குறிப்பாகியிருக்கும்.

ஜோனதன் ஸ்விஃப்ட் 1729இல் எழுதிய ‘ஓர் அடக்கமான யோசனை’யை இதன் அருகில் வைத்துப் பாருங்கள். அயர்லாந்தின் ஏழைகள் தங்கள் ஒரு வயதுக் குழந்தைகளைச் செல்வந்தர் உணவுக்கு விற்கலாம் என்பது அதன் யோசனை. இதுவும் ஒரு பொய்க்குரல்தான். ஆனால் குரலின் கட்டுமானம் வேறு. தொடக்கத்தில் பிச்சையெடுக்கும் தாய்மாரைப் பற்றிய கவலை வருகிறது, அது மெய்யான கவலை. பிறகு கணக்கு: 1,20,000 குழந்தைகள், அதில் இனப்பெருக்கத்துக்கு 20,000 போக மீதி விற்பனைக்கு, ஒன்றுக்குப் பத்து ஷில்லிங். பல பத்திகள் கடந்த பிறகுதான் யோசனையே வெளியில் வருகிறது. குரல் எங்கும் உயர்வதில்லை, கணக்குப்பிள்ளையின் நிதானம் கடைசிவரை. அதோடு டிஃபோ செய்யாத ஒன்றை ஸ்விஃப்ட் செய்கிறார். ஊரில் இல்லாத நிலக்கிழார்மேல் வரி போடுவது, உள்நாட்டுப் பொருளையே வாங்குவது என்று தான் மெய்யாக வேண்டும் என்று நினைக்கும் தீர்வுகளை வரிசையாகச் சொல்லி, இவற்றைப் பற்றியெல்லாம் என்னிடம் யாரும் பேச வேண்டாம் என்று தள்ளிவிடுகிறார். ஆசிரியரின் நெஞ்சு அந்தத் தள்ளுபடிப் பட்டியலில் இருக்கிறது. முகமூடிக் குரலில் எழுதப்பட்ட எதையும் வாசிக்கும்போது, அந்தக் குரல் எதை மறுக்கிறது என்று தேடிப் பார்ப்பது பலன் தரும்.

வாசிப்பில் எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு, இப்போது அதுதான் அதிகம்: எல்லா இடத்திலும் முரண்நகையைப் பார்ப்பது. புறப்பாட்டையே எடுத்துக்கொள்வோம். அதியமானின் வேல் ஒடிந்து கிடக்கிறது, அவன் வீட்டில் சில நாள் சோறும் இல்லை. ஆகவே ஔவையார் அவனையும் சேர்த்துக் கேலி செய்கிறார் என்று ஒருவர் வாதிடலாம். இதைச் சோதிக்க வழி இருக்கிறது. முதலில் பாட்டின் மேற்பொருளை ஒரு குறையும் இல்லாமல் உரைநடையில் எழுதிக்கொள்ள வேண்டும். அடுத்து, யார் யாரிடம் எங்கே நின்று பேசுகிறார் என்பதைப் பாட்டுக்குள்ளிருந்தே எடுக்க வேண்டும். அடியில் உள்ள குறிப்பு தொகுத்தவர்கள் சேர்த்ததாகவே பொதுவாகக் கருதப்படுகிறது. அதை மறைத்துக்கொண்டு வாசித்தாலும் ‘இவ்வே’, ‘அவ்வே’ என்ற இரண்டு சுட்டுகள் போதும்: பேசுகிறவர் ஒருவருடைய ஆயுதங்களுக்கு அருகே நின்று, தொலைவில் இருக்கும் இன்னொருவரின் ஆயுதங்களைப் பற்றிப் பேசுகிறார். மூன்றாவதாக, அந்த இடத்தில் யாரும் சொல்லியிருக்கக்கூடிய எது சொல்லப்படவில்லை என்று கேட்க வேண்டும். ஆயுதசாலையைப் பார்க்கும் எவரும் ‘எத்தனை போர் கண்டவை’ என்று ஒரு சொல் சொல்வார்கள். தொண்டைமானின் வேல்களைப் பற்றி அந்தச் சொல் வரவில்லை.

கடைசிச் சோதனைதான் கறாரானது. உங்கள் மறைபொருள், மேற்பொருளைவிட அதிக அடிகளுக்கு வேலை கொடுக்கிறதா? தொண்டைமானைக் குத்துகிறது என்று வாசித்தால் பீலி, நெய், வியன்நகர், குற்றில், சிதைந்த நுனி எல்லாம் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. அதியமானையும் கேலி செய்கிறது என்று வாசித்தால் ‘உண்டாயின் பதம்கொடுத்து’ என்பதும் ‘அண்ணல் எம் கோமான்’ என்பதும் அந்தரத்தில் தொங்குகின்றன. ஆகவே அந்த வாசிப்பு நிற்காது.

எழுதுகிறவர்களுக்கும் கையில் எடுத்துக்கொள்ள இதில் நிறைய இருக்கிறது. மேற்சொல் உண்மையாக இருக்கட்டும். பொய்யான புகழில் தொடங்கினால் வாசகர் முதல் வரியிலேயே உங்கள் கையைப் பார்த்துவிடுவார். நுணுக்கமான பொருள்கள் வேண்டும்: ‘அழகிய ஆயுதங்கள்’ என்பதில் முரண்நகை ஒட்டாது, பீலியிலும் நெய்யிலும் ஒட்டும். குத்தலைத் தாங்கும் சொல் முடிந்தவரை கடைசியில் வரட்டும். குரல் ஒரே மட்டத்தில் இருக்கட்டும், இடையில் ஒரு வரி கோபப்பட்டாலும் அதற்கு முன் கட்டியது சரிந்துவிடும். யாரைக் குத்துகிறோம் என்பதிலும் எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஔவையார் குத்தியது ஆயுதம் நிறைந்த கொட்டிலின் சொந்தக்காரனை. திருப்பிச் சொல்ல வழியற்றவர்மேல் இதே கருவியைத் திருப்பினால், எவ்வளவு நயமாக இருந்தாலும் அது கொடுமை.

வழக்கில் தேய்ந்துபோன உருவகத்தை நேர்ப்பொருளில் எடுப்பது இன்னொரு வழி. ஞானக்கூத்தனின் சிறு கவிதை எல்லோருக்கும் தெரியும்: எனக்கும் தமிழ்தான் மூச்சு, ஆனால் பிறர்மேல் அதை விடமாட்டேன். ‘தமிழ் என் மூச்சு’ என்று மேடைகளில் ஆயிரம்முறை சொன்ன வாக்கியத்தை அவர் மறுக்கவில்லை, ‘எனக்கும்’ என்று ஒப்புக்கொள்கிறார். மூச்சு என்றால் மூச்சு என்றே எடுத்துக்கொள்கிறார். அதற்குமேல் அவர் செய்ய வேண்டியது எதுவும் இல்லை.

விளக்கக் கூடாது என்ற விதியை மீறி வென்ற படைப்பும் இருக்கிறது. புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’, 1934இல் மணிக்கொடி இதழில் வந்தது. தலைப்பே முதல் குத்து. பௌராணிகர்கள் கனவு கண்ட நகரம் போல அங்கே ஒன்றும் இல்லை என்று கதைசொல்லி தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறான். ஜட்கா என்ற குதிரைவண்டியை ஓட்டும் அம்மாளுவின் கணவன் அடிபட்டுக் கிடக்கிறான். அவனுக்குப் பால்கஞ்சி வேண்டும், காசு இல்லை. அம்மாளு இருட்டில் ஒருவனோடு சந்துக்குள் போகிறாள். ‘அம்மாளு முக்கால் ரூபாய் சம்பாதித்துவிட்டாள். ஆம், புருஷனுக்குப் பால்கஞ்சி வார்க்கத்தான்!’ கணவனுக்காக எதையும் செய்பவள் கற்புடையவள் என்று ஊர் சொல்கிறது. பிறனைத் தீண்டாதவள் கற்புடையவள் என்றும் அதே ஊர் சொல்கிறது. ஒன்றை நிறைவேற்ற மற்றதை உடைத்தாக வேண்டிய இடத்துக்கு வறுமை அவளைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. ‘சம்பாதித்துவிட்டாள்’ என்ற சொல்லும் உண்மை, ‘புருஷனுக்கு’ என்ற சொல்லும் உண்மை. முரண்நகை அங்கேயே முழுமையாகிவிட்டது.

அதன்பிறகும் புதுமைப்பித்தன் நிறுத்தவில்லை. ‘என்னமோ கற்பு, கற்பு என்று கதைக்கிறீர்களே! இதுதான் ஐயா, பொன்னகரம்!’ என்று முடிக்கிறார். எழுத்துப் பட்டறைகளில் இந்தக் கதையைப் பேசும்போது, கடைசி வரிகளை வெட்டியிருக்கலாம் என்று சொல்பவர்கள் எப்போதும் உண்டு. கலை நுட்பமாக இருந்திருக்கும் என்பது அவர்கள் வாதம். எனக்கு அதில் உடன்பாடில்லை. முக்கால் ரூபாயோடு கதை நின்றிருந்தால், அம்மாளுவுக்காக இரக்கப்பட்டுவிட்டு வாசகர் வெளியே போய்விடலாம். ‘கதைக்கிறீர்களே’ என்ற முன்னிலை வினை அவரைப் போகவிடுவதில்லை. அதுவரை சந்துக்குள் பார்த்துக்கொண்டிருந்தவரை அது நேராகக் கூப்பிடுகிறது. கரந்தது செம்பொருளாக மாறும் இடம் அது. தொல்காப்பியர் இரண்டாகப் பிரித்து வைத்ததைப் புதுமைப்பித்தன் ஒரே கதையின் கடைசி மூன்று வரிகளில் அடுத்தடுத்து வைக்கிறார். முன்பகுதி அவ்வளவு அடங்கிய குரலில் கட்டப்பட்டிருப்பதால்தான் இந்த வெடிப்புக்கு அவருக்கு உரிமை கிடைக்கிறது. தொடக்கம் முதலே கத்தியிருந்தால் இந்த வரி இன்னொரு கத்தலாகப் போயிருக்கும்.